கீழ்வயலில் அல்ஹாஜியின் உரம்

"கொட்டுடா! அந்தப் பானையையும் கொட்டு!"

அல்ஹாஜி சுமானி கத்தினார். நான் கவிழ்த்தேன். காய்ந்த வெண்டைக்காய் தரையெல்லாம் சிதறியது. அடுத்த பானையில் ஷியா வெண்ணெய். அதற்கடுத்ததில் தட்டைப்பயறு. நாங்கள் தேடிவந்த உரம் இல்லை.

"கட்டிலுக்கு அடியில பாரு!"

"கட்டிலே இல்ல, அல்ஹாஜி. பாய்தான் இருக்கு."

"அப்ப பாய்க்கு அடியில பாரு. எல்லாத்தையும் சொல்லித்தரணுமா உனக்கு?"

பாய்க்கு அடியில் ஒரு மூட்டை உரத்தை ஒளித்துவைத்துவிட்டு அதன் மேல் ஒரு பெண்ணும் இரண்டு மகள்களும் தூங்க முடியும் என்று நம்புகிற மூளை அது. அந்த மூளைக்குத்தான் மெக்கா போய்வந்த தொப்பி, நாற்பது ஏக்கர் நிலம், மூன்று மனைவிகள். நானும் பாயைத் தூக்கிப் பார்த்தேன். அந்த மூளைக்குக் கைகட்டி நிற்கிறவனும் பெரிய அறிவாளியாக இருக்க முடியாதே.

நாபாரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அல்ஹாஜியின் செத்துப்போன தம்பியின் மனைவி. அழவில்லை. கெஞ்சவில்லை.

"பெரியவரே, கினிக்கோழிக் கூண்டு பாக்கி இருக்கு. முட்டைக்குள்ள வச்சிருப்பேனோன்னு சந்தேகம்னா சொல்லுங்க. நானே உடைச்சுக் காட்டுறேன்."

வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அல்ஹாஜிக்கு முகம் கறுத்தது. கோபத்தை யார் மேலாவது காட்டவேண்டுமே, வேலியை எட்டி உதைத்தார். உதைக்கவும் அங்கே அதிகம் ஒன்றுமில்லை. முன்பக்கம் பழைய புல்தட்டி. பின்பக்கம் வெறும் கம்புகள். இந்த வருஷம் தட்டி முடையப் புல் கிடைக்கவில்லை என்று நாபாரி யாரிடமோ சொன்னதாகக் கேள்வி.

கூரைச் செருகலில் அப்போதுதான் என் கை பட்டது. ஒரு முழக் குச்சி. அதன் முனையில் ஆணி அடித்து மாட்டிய சோடா மூடி.

மறைத்துவிடலாமா என்று நினைப்பதற்குள் அல்ஹாஜி பிடுங்கிவிட்டார். மூடியின் உள்விளிம்பில் காய்ந்த சேறு. சேற்றுக்குள் சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று குருணை. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"கரிக்குது!" என்று கூவினார். "உரம்! என் உரம்! பாத்தீங்களா எல்லாரும்? பாத்தீங்களா இந்தத் திருட்டுச் சிறுக்கியை?"

முதல்முறையாக நாபாரியின் முகத்தில் ஏதோ அசைந்தது. பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நட தலைவர் வீட்டுக்கு" என்றார் அல்ஹாஜி. "இன்னிக்கே முடிச்சுடலாம். நாளைக்கு நீ உங்கப்பன் ஊர்ல இருப்ப."

அதுதான் விஷயம். தம்பி செத்த அன்றே அவனுடைய மூன்று ஏக்கர் நிலத்தின் மேல் அண்ணன் கண்வைத்தாயிற்று. ஆனால் எங்கள் குல்பாயிலி ஊரில், பிள்ளைகளோடு இருக்கும் விதவையைப் பழி இல்லாமல் வெளியேற்ற முடியாது. பழி வேண்டும். விபசாரம், சூனியம், திருட்டு, மூன்றில் ஒன்று. முதல் இரண்டையும் கிளப்பிப் பார்த்தார், ஒட்டவில்லை. இப்போது மூன்றாவது, குச்சி முனையில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

நான் அஸிந்தோ. டிராக்டர் ஓட்டுகிறவன். வருஷத்துக்கு வருஷம் அல்ஹாஜியின் நாற்பது ஏக்கரும் என் கலப்பைக்குத்தான். அதனால் அவர் கவிழ் என்றால் கவிழ்ப்பேன். போகிற வழியில் அவருடைய விவசாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கவேண்டும்.

அல்ஹாஜியின் நிலம் மேட்டில். நாபாரியின் நிலம் அதே சரிவில் அதற்கு நேர் கீழே. பன்னிரண்டு வருஷமாக அல்ஹாஜி மேட்டில் மக்காச்சோளம் மட்டும் போடுகிறார். சோளத்தை விட்டால் சோளம். "சோளம் ஆம்பளைப் பயிரு. பயறு பொம்பளைங்க சமாசாரம்" என்பார். மண் செத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. சோளத்தின் வேரைக் கடித்து உறிஞ்சும் சுடுமல்லிக் களை வயல் முழுக்க ஊதாப் பூவாகப் பூத்து நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவன் பூந்தோட்டம் என்றுதான் நினைப்பான்.

போன வருஷம் மோட்டார் சைக்கிளில் ஒரு விவசாய அதிகாரி வந்தார். இரண்டு வரிசை சோளம், இரண்டு வரிசை தட்டைப்பயறு என்று கலந்து போடுங்கள், பயறு மண்ணுக்குச் சத்தும் கொடுக்கும், தரையை மூடி ஈரத்தையும் காக்கும், சுடுமல்லியும் அடங்கும் என்றார். உரத்தை மேலே வீசாதீர்கள், செடிக்குப் பக்கத்தில் குழி போட்டு, ஒரு சோடா மூடி அளவு போட்டு, மண்ணால் மூடுங்கள் என்றார். அந்த ஆளுக்கும் திமிர்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார், எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் சொன்னது உண்மை.

அல்ஹாஜி எழுந்தார். "தம்பி, நான் விமானத்துல பறந்து மெக்கா பாத்துட்டு வந்தவன். நான் குனிஞ்சு குனிஞ்சு சோடா மூடியில விவசாயம் பண்ணவா?"

ஊரே சிரித்தது. நானும்தான். நாபாரி மட்டும் அதிகாரி காட்டிவிட்டுத் தூக்கிப்போட்ட மூடியைப் பொறுக்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

இந்த வருஷம் அல்ஹாஜி லாரியில் உரம் இறக்கினார். ஜூலை மாதம், தெற்கே வானம் கறுத்து நிற்கிறது, ஆள் வைத்துக் கோழிக்குத் தீனி போடுவதுபோல் வயல் முழுக்க வீசச் சொன்னார். "மூடணுமே, அல்ஹாஜி" என்றான் ஒருவன். "மழை மூடும்டா. அல்லாவுக்குத் தெரியாதா?" என்றார். தன் சோம்பேறித்தனத்துக்கு அல்லாவை வேலைக்காரனாக வைக்கும் ஆசாமி.

செப்டம்பர் வந்தது. மேட்டில் அல்ஹாஜியின் சோளம் இடுப்பளவு, மஞ்சள், கதிர் கைவிரல் நீளம். கீழே நாபாரியின் சோளம் ஆளுயரத்துக்கு மேல், கரும்பச்சை. நடுவில் படர்ந்த பயற்றை ஏற்கனவே இரண்டு தடவை பறித்துவிட்டாள். பிச்சைக்காரி தட்டு மாதிரி எல்லாம் கலந்து கிடக்கிறது என்று அவர் ஏளனம் செய்த வயல் அது.

அறிவுள்ளவன் என்றால் என்ன செய்தாள் என்று போய்ப் பார்ப்பான். அல்ஹாஜி என்ன திருடினாள் என்று கேட்டார்.

தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. நடுவில் தோல்விரிப்பில் தலைவர். அவரை நாங்கள் நா என்று அழைப்போம். நல்ல மனிதர், தூக்கம் அதிகம். பக்கத்தில் திண்டானா. அவர்தான் எங்கள் ஊர் மண்ணுக்குப் பூசாரி. நிலத்தின் பெயரால் சத்தியம் வாங்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். ஒரு கண் இல்லாத கிழவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

அல்ஹாஜி மண்டியிட்டு, மெல்லக் கைதட்டி வணங்கிவிட்டு ஆரம்பித்தார். குச்சியை உயர்த்திப் பிடித்தார்.

"நா, இவ இந்த வருஷம் ஒரு மூட்டை உரம் வாங்கல. சந்தையில கேட்டுப் பாருங்க. வாங்க வக்கில்ல இவளுக்கு. ஆனா இவ சோளத்தைப் பாருங்க. இந்த மூடியைப் பாருங்க. உரம் இல்லாதவளுக்கு உரம் அளக்குற மூடி எதுக்கு?"

கூட்டத்தில் முணுமுணுப்பு. கேள்வி நியாயம்தான். அல்ஹாஜி வாயிலிருந்து நியாயம் வருவது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. அது இன்றைக்கு வந்து தொலைத்தது.

"நாபாரி, உரம் வாங்கினியா?" என்றார் தலைவர்.

"இல்ல, நா."

"யாராவது தந்தாங்களா?"

"யாரும் தரல."

"அப்ப அந்த மூடியில எதை அளந்த?"

"மண்ணை."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஆட்டிறைச்சி விற்கும் மம்பாரா, "எங்க வீட்டுலயும் மண்ணு இருக்கு தாயி, வந்து அளந்து குடு!" என்றான். அல்ஹாஜி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைவர் கையை உயர்த்தினார். "சிரிச்சது போதும். அவ எடுத்தேன்னு சொல்லல. அல்ஹாஜி, நீயும் அவ எடுத்ததைப் பாக்கல. மண்ணு சொல்லட்டும்."

முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

மண் விழுங்குவது எங்கள் ஊரில் விளையாட்டில்லை. வழக்குக்குரிய வயலிலிருந்து திண்டானா மண் எடுத்து வருவார். சத்தியம் சொல்லி ஒரு சிட்டிகை விழுங்கவேண்டும். பொய் சொன்னவனின் வயிறு அடுத்த அறுவடைக்குள் வீங்கும். நான் டவுனில் ஆறு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். இதையெல்லாம் நம்புகிறவர்களைக் கேலி செய்வேன். ஆனால் என் மாமா விழுங்கியதையும் பார்த்திருக்கிறேன், அவர் வயிற்றையும் பார்த்திருக்கிறேன்.

திண்டானா எழுந்து வயலுக்குப் போனார். அரைமணி நேரத்தில் திரும்ப வேண்டியவர். உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தார். கையில் சுரைக்குடுக்கை. அதில் மண்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் தலைவர்.

"நடந்தேன்" என்றார் கிழவர். அவ்வளவுதான். அவருடைய ஒற்றைக் கண் கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தாண்டி வந்து என்மேல் நின்றது.

நாபாரி மண்டியிட்டாள். சின்னமகள் அவள் துணியைப் பிடித்து இழுத்தாள். பெரியவள் அவளை அணைத்துப் பின்னால் கொண்டுபோனாள்.

"சொல்லு" என்றார் திண்டானா.

"அல்ஹாஜி மூட்டையை என் கை தொடல. என் பிள்ளைங்க கை தொடல. அவர் வயலுக்குள்ள என் கால் போகல. என் வயல்ல கிடந்ததைத் தவிர வேற எதையும் நான் எடுக்கல. பொய்யின்னா இந்த மண்ணு என்னைத் தின்னட்டும்."

ஒரு சிட்டிகை எடுத்தாள். விழுங்கினாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

கூட்டத்தில் பெருமூச்சு. அல்ஹாஜி விடவில்லை. "விழுங்கிட்டா போதுமா? வீங்குற வரைக்கும் நான் காத்திருக்கணுமா? அதுக்குள்ள அறுவடை முடிஞ்சிடும்! நிலத்தை இப்பவே..."

"நீயும் விழுங்கு" என்றார் திண்டானா.

"யாரு, நானா?"

"குத்தம் சொன்னவனும் விழுங்கணும். என் நிலத்தைத்தான் உழுதேன், அடுத்தவ நிலத்துல என் இரும்பு படலைன்னு சொல்லி விழுங்கு."

இந்தச் சத்தியம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. வழக்கு உரத்தைப் பற்றியது. ஆனால் மண் விஷயத்தில் திண்டானாவைக் கேள்வி கேட்க முடியாது.

அல்ஹாஜி தலைவர் பக்கம் திரும்பினார். "நா, நான் ஹஜ் செய்தவன். இந்தப் பழைய காட்டு வழக்கமெல்லாம் எனக்கு ஆகாது."

"நானும் அஞ்சு வேளை தொழுறவதான், பெரியவரே" என்றாள் நாபாரி. "நான் விழுங்கினப்ப எனக்கு மட்டும் ஆகும்னு நின்னு பாத்தீங்களே?"

"விழுங்குங்க, அல்ஹாஜி!" மம்பாரா பின்னாலிருந்து கத்தினான். "உப்பு பத்தலைன்னா உரம் தூவித் தர்றோம்!"

மறுபடி சிரிப்பு. இந்தமுறை சிரிப்பு திசை மாறிவிட்டது. அல்ஹாஜி நாலுபக்கமும் பார்த்தார். பிறகு தன் வாழ்நாளில் செய்த முட்டாள்தனங்களுக்கெல்லாம் மகுடம் வைப்பதுபோல ஒன்று செய்தார். என் சட்டையைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இரும்பு இவனோடது. கலப்பை இவனோடது. என் பேருக்கு இவன் விழுங்குவான். டேய் அஸிந்தோ, விழுங்குடா!"

வேலைக்காரன் வயிறு வீங்கினால் இவருக்கு என்ன? அடுத்த வருஷத்துக்கு வேறு டிராக்டர். பன்னிரண்டு வருஷம் இந்த மனிதனுக்கு உழுதிருக்கிறேன். என்னை ஒரு குடுக்கை மண்ணுக்குமேல் மதிக்கவில்லை என்பது அந்தத் தள்ளலில் தெரிந்தது. அதைவிடக் கேவலம், அது எனக்கு முன்பே தெரியும் என்பது.

மண்டியிட்டேன். திண்டானா குடுக்கையை நீட்டினார். சிட்டிகை எடுத்தேன். உதடு வரை கொண்டுபோனேன்.

"என் இரும்பு..." என்றேன்.

"சொல்லு" என்றார் கிழவர்.

மண்ணைக் கீழே போட்டேன்.

"மே மாசம் நாபாரி அவங்க அம்மா சாவுக்குப் போனாங்க, நா. மூணு நாள். அந்த மூணு நாள்ல, ரெண்டு வயலுக்கும் நடுவுல இருந்த எல்லைப் புல்வரப்பை நான் உழுதேன். ஒரு கோடியில இருந்து மறுகோடி வரைக்கும். பன்னிரண்டு அடி அகலம். அல்ஹாஜிதான் சொன்னார். அவருக்கு அவ்வளவு நிலம் கூடிச்சு."

அடுத்தவர் நிலத்தின் எல்லையை உழுவது எங்களிடையே திருட்டைவிடக் கேவலம். அந்தப் புல்வரப்பு, நாபாரியின் செத்துப்போன புருஷனும் அவன் அப்பனும் வளர்த்தது. ஆளுயரப் புல். அதில்தான் நாபாரி ஒவ்வொரு வருஷமும் வேலித்தட்டி முடைவாள்.

"பொய்!" என்று அலறினார் அல்ஹாஜி.

"கேட்டு முடிங்க" என்றேன். ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியாது. "டீசலை மிச்சம் பிடிக்க மேட்டுல இருந்து பள்ளத்துக்கு நேர்சாலா உழுதேன். ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். உரம் வீசின அன்னிக்கு மழை வந்தப்ப நான் டிராக்டருக்கு அடியில ஒதுங்கியிருந்தேன். என் கண்ணால பாத்தேன். மேட்டுல தூவின உரம், மேல்மண்ணோட சேந்து, என் சால் வழியா ஓடிச்சு. முந்தியெல்லாம் அந்தப் புல்லு தடுத்து நிறுத்தும். இந்த வருஷம் புல்லு இல்ல. நேரா நாபாரி வயல்ல போய் இறங்கிச்சு. அங்க சரிவுக்குக் குறுக்கே மண்ணை மேடு மேடா அணைச்சுப் பார் போட்டிருக்கு, பயறு தரையை மூடியிருக்கு. அதுக்குமேல எங்கயும் போகல. அங்கயே தேங்கிடுச்சு."

யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு முற்றம் முழுக்க. தலைவர்கூடத் தோல்விரிப்பில் பக்கவாட்டில் சாய்ந்து குலுங்கினார். லாரியில் உரம் இறக்கி, ஆள் வைத்து வீசி, தம்பி மனைவியின் வயலுக்கு அனுப்பிவைத்த மகாவிவசாயி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை வழுக்கை என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். கீழ்வயல் நாபாரிக்கே, அதைப்பற்றி இனி அல்ஹாஜி வாய்திறக்கக் கூடாது. பன்னிரண்டடிப் புல்வரப்பை அல்ஹாஜி தன் கையால் திரும்ப நட்டுக் கொடுக்கவேண்டும், கூலியாள் வைக்கக் கூடாது. உழுதவனும் கூட நின்று நடவேண்டும். என்னைத்தான் சொன்னார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தபோது தலைவருக்கு ஏதோ உறுத்தியது. குச்சியைக் கையில் எடுத்து மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"இரு நாபாரி. மண்ணை அளந்தேன்னு சொன்னியே. மழையில வந்து தேங்கின வண்டலையா?"

"ஆமா, நா. வயலோட மேல் ஓரத்துல அரை முழம் தேங்கி நின்னுச்சு. அள்ளி, அந்த ஆபீசர் சொன்ன மாதிரி, செடிக்கு ஒரு மூடி போட்டு மூடினேன்."

"அப்ப, புல்வரப்பை உழுதுட்டாங்கன்னு உனக்கு அப்பவே தெரியும்?"

"சாவு வீட்டுல இருந்து வந்த அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் நாலு மாசம் என்கிட்ட ஏன் வந்து சொல்லல?"

நாபாரி சின்னவளைத் தூக்கி முதுகில் போட்டுத் துணியை இறுக்கிக் கட்டினாள். அல்ஹாஜியை ஒருதரம் பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல.

"சொல்லியிருந்தா நீங்க புல்லை உடனே நடச் சொல்லியிருப்பீங்க, நா. அப்புறம் உரம் எப்படி வரும்?"